“டிபிக்கு ரத்தம் பார்த்தாச்சுங்க டாக்டர்”

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் உடம்புக்கு முடியவில்லை என்றால் ஒருநாள் பாலக்காடு, மறுநாள் பொள்ளாச்சி, அதற்கும் கேட்காவிட்டால் கோயம்புத்தூர். என் மேசைக்கு வரும் பிளாஸ்டிக் கவரில் மூன்று ஊர் லேப் ரிப்போர்ட்டும் இருக்கும்.

2010 வாக்கில் அப்படியொரு கவரோடு வந்தார் ஒரு தென்னந்தோப்புக்காரர். பன்னிரண்டு வயது மகனுக்கு மூன்று வாரமாகக் காய்ச்சல், தலைவலி. நான்கு நாளாக வாந்தி. கூப்பிட்டால் மலங்க மலங்க விழிக்கிறான். “டிபிக்கு ரத்தம் பார்த்தாச்சுங்க டாக்டர், இல்லைன்னு வந்துருச்சுங்க.” ரத்தத்தில் காசநோய்க்கான ஆன்டிபாடியைத் தேடும் ஐஜிஜி, ஐஜிஎம் சோதனை இரண்டும் நெகட்டிவ். அந்தத் தாளுக்காக ஐந்து நாள் காத்திருந்திருக்கிறார்கள்.

பையனின் கழுத்து விறைத்திருந்தது. மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றியிருக்கும் நீரை முதுகில் ஊசி போட்டு எடுக்க வேண்டும் என்றதும் பாட்டி மறித்துக்கொண்டார். “அங்க ஊசி போட்டா கால் விளங்காமப் போயிருமுங்க.” இந்தப் பயத்தை இன்றும் வாரம் ஒருமுறையாவது கேட்கிறேன். தண்டுவடம் மேலேயே முடிந்துவிடுகிறது. ஊசி இறங்குவது அதற்குக் கீழே, இடுப்பில். பாட்டியை இதைச் சொல்லிச் சம்மதிக்க வைக்க அரைமணி நேரம் ஆனது. எடுத்த நீரில் லிம்போசைட் என்னும் வெள்ளை அணுக்களும் புரதமும் ஏறியிருந்தன, சர்க்கரை இறங்கியிருந்தது. குழாயை ஆட்டாமல் வைத்துவிட்டுப் பார்த்தபோது உள்ளே ஒட்டடை மாதிரி மெல்லிய வலை. எல்லாம் மூளைக் காசநோயையே காட்டின. அன்றே காசநோய் மருந்தும் ஸ்டீராய்டும் தொடங்கினோம். பிழைத்தான். இடது கை மட்டும் இன்னும் முழுதாக வரவில்லை. அந்த ஐந்து நாளை நான் மறக்கவில்லை.

ஆன்டிபாடி என்பது கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் புரதம்; கிருமியைச் சந்தித்த உடம்பு எழுதிவைக்கும் பழைய கணக்கு. நம் ஊரில் காசநோய்க் கிருமி உள்ளே புகுந்தும் நோயே வராமல் வாழ்கிறவர்கள் ஏராளம். அவர்களுக்கும் பாசிட்டிவ் வரலாம். நோய் முற்றி எதிர்ப்புச் சக்தி தளர்ந்தவருக்கு நெகட்டிவும் வரலாம். இதனால்தான் 2011-இல் உலக சுகாதார நிறுவனம் காசநோய்க்கான இந்த ஆன்டிபாடி ரத்தச் சோதனைகள் வேண்டாம் என்றது. 2012 ஜூனில் இந்திய அரசு இவற்றின் இறக்குமதி, தயாரிப்பு, விற்பனை, பயன்பாடு எல்லாவற்றுக்கும் தடை போட்டது. இன்றைக்கும் எங்காவது எழுதிக் கொடுத்தால் தைரியமாக மறுத்துவிடுங்கள்.

ஆன்டிபாடி சோதனையே மோசம் என்று சொல்லவில்லை. எச்ஐவிக்கு அது அருமையான சோதனை. அந்தக் கிருமி உடம்பை விட்டுப் போவதில்லை. பெரியவர்களுக்கு ஆன்டிபாடி இருந்தால் கிருமியும் இருக்கிறது. டெங்குவில் நாள் கணக்கு முக்கியம்: முதல் நாட்களில் வைரஸின் புரதத்தையே தேடும் என்எஸ்1, ஐந்து நாள் கழித்தால் ஐஜிஎம் ஆன்டிபாடி. டைபாய்டுக்கு எடுக்கும் வைடல் என்ற ஆன்டிபாடி சோதனைதான் பெரிய தலைவலி. பழைய டைபாய்டு, தடுப்பூசி, வேறு காய்ச்சல், எதற்கும் அது ஏறும். ஒரே ஒரு வைடலை நம்பி ஆன்டிபயாடிக் விழுங்கிவிட்டு வருகிறவர்களுக்கு ரத்தத்திலிருந்து கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சரிலும் பல நேரம் கிருமி பிடிபடுவதில்லை.

மூளைக் காசநோய்க்கு இன்று முதுகு நீரில் கிருமியின் மரபணுவையே தேடும் சிபிநாட் இருக்கிறது. அரசுத் திட்டத்தில் இலவசம், சில மணி நேரத்தில் முடிவு. அதிலும் நெகட்டிவ் வந்தால் நோய் இல்லை என்று அர்த்தமில்லை, நீரில் கிருமி அவ்வளவு குறைவு. அறிகுறி பொருந்தினால் மருந்தைத் தொடங்கிவிடுவோம். பெரியவர்களுக்கு ஆறு மில்லியாவது நீர் அனுப்ப வேண்டும். இரண்டு சொட்டு அனுப்பிவிட்டு “கிருமி இல்லையா?” என்று போன் செய்யும் இளம் டாக்டர்களோடு எனக்கு இன்னமும் சண்டைதான்.