பயிற்சி விமானம் விழுந்தால் குடும்பத்துக்கு என்ன கிடைக்கும்?

2023 டிசம்பர் 4. மிக்ஜாம் புயலில் சென்னை மூழ்கிக் கிடந்த நாள். அதனால் அன்று காலை தெலங்கானாவில் நடந்த ஒரு விபத்து நம்மில் பலர் கண்ணிலேயே படவில்லை. ஐதராபாத்தை அடுத்த துண்டிகல் விமானப்படை அகாடமியிலிருந்து வழக்கமான பயிற்சிக்குக் கிளம்பிய பிலாட்டஸ் பிசி-7 விமானம் மேடக் மாவட்டத்தில் விழுந்து எரிந்தது. உள்ளே இருந்த பயிற்றுநரும் பயிற்சி மாணவரும் இறந்துபோனார்கள்.

பிலாட்டஸ் சின்ன விமானம். ஒரே இன்ஜின், முன்னும் பின்னுமாக இரண்டு இருக்கை. முன்னால் மாணவர் உட்காருவார், பின்னால் சற்று உயரத்தில் பயிற்றுநர். நடுவில் ஒரு கை நீளம்தான் இருக்கும். அரசாணையில் மட்டும் அந்த இரண்டு இருக்கைக்கும் வெகுதூரம்.

முதலில் பின் இருக்கை. பயிற்றுநர் கமிஷன் பெற்ற, அதாவது முறைப்படி நியமனமான அதிகாரி. போரில் அல்லாமல் பணியின்போது நேர்ந்த விபத்து என்பதால் அவர் குடும்பத்துக்குச் ‘சிறப்புக் குடும்ப ஓய்வூதியம்’ உண்டு. கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளம், ராணுவச் சேவை ஊதியம் இரண்டையும் கூட்டி அதில் 60 சதவீதம். உதாரணத்துக்கு, ஏழாவது ஊதியக்குழுக் கணக்கில் ஸ்குவாட்ரன் லீடர் பதவியில் உள்ள அதிகாரியின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 69,400 ரூபாய், சேவை ஊதியம் 15,500. கூட்டினால் 84,900. அதில் 60 சதவீதம் 50,940 ரூபாய், அதன்மேல் அகவிலை நிவாரணம். விமானிகள் மாதாமாதம் வாங்கும் பறக்கும் படி இந்தக் கணக்கில் வராது. வீட்டுக்கு வந்துகொண்டிருந்த மொத்தத் தொகையை மனதில் வைத்து எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

இது போக, மத்திய அரசின் கருணைத்தொகை 25 லட்சம். எல்லை மோதலில் இறந்தால் 35 லட்சம், போரில் எதிரியின் தாக்குதலில் இறந்தால் 45 லட்சம். பணிக்கொடை தனி. 5 முதல் 11 ஆண்டுக்குள் சர்வீஸ் இருந்தால் 12 மாதச் சம்பளம், 11 முதல் 20 ஆண்டுக்குள் என்றால் 20 மாதம். விமானப்படைக் குழுக் காப்பீட்டுச் சங்கத்தின் பணமும் தனியாக வரும். அது அவர் சம்பளத்திலிருந்தே பிடித்த சந்தாவுக்கு உரிய தொகை, யாருடைய கருணையும் இல்லை.

சிலர் கேட்பதுண்டு, “சீருடையில்தானே இறந்தார், முழுச் சம்பளமும் ஓய்வூதியமாக வராதா?” என்று. அது ‘தாராளமயக் குடும்ப ஓய்வூதியம்’. போர், எல்லை மோதல், தீவிரவாதத் தாக்குதல் போன்றவற்றில் இறந்தவர்களுக்கானது. நிஜக் குண்டுகளை வைத்து நடத்தும் போர்ப் பயிற்சி மரணம்கூட அந்தப் பட்டியலில் உண்டு. சாதாரணப் பறக்கும் பயிற்சி இல்லை. பத்திரிகைகள் வீரமரணம் என்று எழுதும், ஊரில் தியாகி என்று பேனர் வைப்பார்கள். தியாகி என்ற சொல்லை அதிகாரபூர்வமாகப் பயன்படுத்துவதில்லை என்று அரசே நாடாளுமன்றத்தில் சொல்லியிருக்கிறது. கோப்பில் கேட்பது மரணம் எந்தப் பிரிவில் வருகிறது என்பதை மட்டும்தான்.

இனி முன் இருக்கை. மாணவர் இன்னும் கமிஷன் பெறாதவர். எனவே குடும்ப ஓய்வூதியம் என்ற பேச்சே கிடையாது. ராணுவப் பயிற்சியால் நேர்ந்த மரணம் என்று ஏற்கப்பட்டால் பெற்றோர் அல்லது நெருங்கிய உறவினருக்கு 12.5 லட்சம் கருணைத்தொகை, மாதம் 9,000 ரூபாய், அப்புறம் காப்பீட்டுப் பணம். பயிற்சியின் கடைசிக் கட்டத்தில் மாணவருக்கு மாதம் 56,100 ரூபாய் தருகிறார்கள். புதிதாகக் கமிஷன் பெறும் ஃப்ளையிங் ஆபீசரின் அடிப்படைச் சம்பளமும் அதே 56,100தான். ஆனால் மாணவர் வாங்குவதற்குப் பெயர் உதவித்தொகை. சம்பளம் இல்லாததால் 60 சதவீதக் கணக்கும் இல்லை. தோளில் பட்டை ஏறிய மறுநாளே அதே விபத்து நடந்திருந்தால் 56,100, 15,500 இரண்டும் சேர்ந்து 71,600, அதில் 60 சதவீதம் 42,960 என்று கணக்குப் போட்டிருப்பார்கள். விமானம் அதேதான், ஆபத்தும் அதேதான். எனக்கு இது நியாயமாகப் படவில்லை.

விபத்துக்குப் பின் ‘கோர்ட் ஆஃப் இன்கொயரி’ என்ற விமானப்படையின் விசாரணை நடக்கும். இன்ஜின் கோளாறா, பறவை மோதியதா, கைத்தவறா என்று பார்ப்பார்கள். “பைலட் தப்பு என்று எழுதிவிட்டால் பென்ஷன் போச்சா?” என்று பயப்படுகிறவர்கள் உண்டு. ஓய்வூதியத்துக்கு முதலில் பார்ப்பது அவர் பணியில் இருந்தாரா என்பதை. உத்தரவுப்படி பயிற்சிக்குப் பறந்தது பணிதான்.

சரி, யாரிடம் போவது? ஓய்வூதியக் கோப்பை விமானப்படையே தொடங்கும், பணம் பாதுகாப்புத் துறையின் ஓய்வூதியத் தளமான ‘ஸ்பர்ஷ்’ வழியாக வரும். தமிழ்நாட்டுக் குடும்பங்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலும் உதவி கேட்கலாம். பிள்ளைகள் தொழிற்படிப்பு படித்தால், பிரதமரின் கல்வி உதவித்தொகைக்கும் (பெண்ணுக்கு மாதம் 3,000, பையனுக்கு 2,500) அங்கேதான் வழி கேட்க வேண்டும்.

நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு தலைவலி கூடுதலாக உண்டு: இனிஷியல். சர்வீஸ் பதிவேட்டில் அப்பா பெயர் விரிந்து நிற்கும், ஆதாரில் ஒற்றை எழுத்தாக இருக்கும், வங்கிப் புத்தகத்தில் பெயருக்குப் பின்னால் போயிருக்கும். மனைவி பெயரிலும் இதே கதை. கோப்பு இதிலேயே மாதக்கணக்கில் மாட்டிக்கொள்ளலாம். பிள்ளை லீவில் வரும்போது நாமினி படிவத்தில் என்ன பெயர், என்ன எழுத்து என்று கேட்டு, வீட்டில் இருக்கும் ஆதாரோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். கல்யாணம் ஆன கையோடு நாமினியை மாற்றினாரா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.