எழுதினவன் கெடுத்த ஏடு: நற்செய்திகளின் மூலபாடத்தை எப்படித் தேடுகிறார்கள்?

லூக்கா நற்செய்தியின் 3-ஆம் அதிகாரத்தில் இயேசுவின் வம்சவரலாறு வரும். இவர் இன்னாரின் மகன், அவர் இன்னாரின் மகன் என்று பின்னோக்கிப் போய்க்கொண்டே இருந்து, கடைசியில் ஆதாம் தேவனின் மகன் என்று முடியும். 14-ஆம் நூற்றாண்டில் இதைக் கிரேக்கத்தில் பெயர்த்தெழுதிய ஒருவர், பாவம், என்ன அசதியோ, தன் முன்னால் இருந்த பிரதியில் பெயர்கள் இரண்டு பத்திகளாக எழுதப்பட்டிருந்ததைக் கவனிக்கவில்லை. முதல் பத்தியை மேலிருந்து கீழே வரை முடித்துவிட்டு இரண்டாவதுக்குப் போயிருக்க வேண்டும். அவரோ இந்தப் பத்தியில் ஒரு பெயர், பக்கத்துப் பத்தியில் ஒரு பெயர் என்று குறுக்கே எழுதிக்கொண்டே போய்விட்டார். கிட்டத்தட்ட எல்லோருக்கும் அப்பா மாறிவிட்டார். கடைசியில் வர வேண்டிய கடவுள் பட்டியலுக்கு நடுவே போய் ஆராம் என்பவரின் மகனாகிவிட்டார், மனித குலமோ பாரேஸ் என்பவரிடமிருந்து தொடங்குகிறது.

இந்தச் சுவடிக்கு ஆய்வாளர்கள் வைத்திருக்கும் எண் 109. அவர் பார்த்து எழுதிய பிரதி இப்போது இல்லை. ஆனாலும் அதில் அந்தப் பெயர்கள் எப்படி இருந்தன என்று கணக்கிட முடிகிறது: இரண்டு பத்தி, பத்திக்கு 28 வரி. குளறுபடியான பெயர் வரிசையைப் பிரித்துக் கோத்துப் பார்த்தால் அப்படித்தான் வருகிறது. மனுஷன் ஒழுங்காக எழுதியிருந்தால் இது நமக்குத் தெரிந்தே இருக்காது.

‘படித்தவன் பாட்டைக் கெடுத்தான், எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான்’ என்று நம்மூரில் சொல்வார்கள். மூலபாட ஆய்வு என்கிற துறை இந்தப் பழமொழியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நடக்கிறது. எழுதினவன் எந்த இடத்தில், எப்படிக் கெடுத்தான் என்று கண்டுபிடித்துவிட்டால், கெடுவதற்கு முன் ஏட்டில் என்ன இருந்தது என்பதும் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

வேறு வழியும் இல்லை. மாற்கும் லூக்காவும் பவுலும் தாங்களே எழுதியதோ, சொல்லி எழுதவைத்ததோ எதுவும் இன்று கையில் கிடையாது. இருப்பதெல்லாம் பிரதியின் பிரதியின் பிரதி. கிரேக்கத்தில் மட்டும் துண்டும் முழுசுமாக 5,000-க்கு மேல், அதுபோக லத்தீன், சிரியாக், காப்டிக் என்று பழைய மொழிபெயர்ப்புகள். 1707-இல் ஜான் மில் என்ற ஆங்கிலேயர், சுமார் முப்பது வருட உழைப்புக்குப் பிறகு, ஏறத்தாழ 30,000 பாடவேறுபாடுகளை, அதாவது ஒரே வரி பிரதிக்குப் பிரதி மாறி வரும் இடங்களைத் தொகுத்து அச்சிட்டபோது படித்தவர்கள் மத்தியில் பெரிய கலக்கம். (புத்தகம் வந்த இரண்டு வாரத்தில் அவர் இறந்துபோனார், கலக்கத்தை மற்றவர்கள்தான் சமாளிக்க வேண்டியிருந்தது.) இன்றைக்குக் கணக்கு லட்சங்களில் போகிறது. அதில் மிகப் பெரும்பகுதி எழுத்துப்பிழை, சொல் முன்பின் மாறியது போன்ற சாதாரண விஷயம். புலம்பலும் புதிதல்ல. 4-ஆம் நூற்றாண்டின் கடைசியில் போப் தமாசுஸ் கேட்டுக்கொண்டதால் லத்தீன் நற்செய்திகளைத் திருத்த உட்கார்ந்த ஜெரோம், எத்தனை பிரதியோ கிட்டத்தட்ட அத்தனை விதமான பாடம் என்று முன்னுரையிலேயே அலுத்துக்கொண்டார்.

பிழை எப்படி விழுகிறது என்று கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். அந்தக் காலக் கிரேக்கச் சுவடிகளில் சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது, எழுத்துகள் ஒட்டிக்கொண்டு வரிசையாக ஓடும். எழுதுபவர் மூலத்தைப் பார்ப்பார், நாலு சொல்லை மனதில் வாங்கிக்கொள்வார், குனிந்து எழுதுவார், நிமிர்ந்து விட்ட இடத்தைத் தேடுவார். அந்தத் தேடலில்தான் கண் சறுக்கும். யோவான் 17:15-இல் இயேசு தன் சீடர்களுக்காக வேண்டுகிறார்: நீர் இவர்களை உலகத்திலிருந்து எடுத்துக்கொள்ளும்படி நான் கேட்கவில்லை, தீயவனிடமிருந்து காக்கும்படியே கேட்கிறேன். கிரேக்கத்தில் ‘உலகத்திலிருந்து’, ‘தீயவனிடமிருந்து’ இரண்டுமே ‘எக் தூ’ என்ற ஒரே தொடக்கத்தோடு வரும். வத்திக்கான் நூலகத்தில் இருக்கும் 4-ஆம் நூற்றாண்டுச் சுவடியை எழுதியவர் முதல் ‘எக் தூ’ வரை எழுதிவிட்டு நிமிர்ந்திருக்கிறார், கண் இரண்டாவது ‘எக் தூ’வில் போய் உட்கார்ந்துவிட்டது. நடுவில் இருந்தது அத்தனையும் போய், இயேசு ‘இவர்களைத் தீயவனிடமிருந்து எடுத்துக்கொள்ளும்படி நான் கேட்கவில்லை’ என்று சொல்வதாக ஆகிவிட்டது. இத்தனைக்கும் இருக்கிற சுவடிகளிலேயே மிக நம்பகமானவற்றில் ஒன்று என்று பெயர் வாங்கியது அது!

கண் போலவே காதும் கெடுக்கும். ‘நாங்கள்’, ‘நீங்கள்’ என்பதற்கான கிரேக்கச் சொற்களில் ஒரே ஓர் உயிரெழுத்துதான் வித்தியாசம், காலப்போக்கில் இரண்டும் ஒரே மாதிரி ஒலிக்கத் தொடங்கின. 1 யோவான் 1:4-இல் நிறைவாக வேண்டியது ‘எங்கள்’ மகிழ்ச்சியா ‘உங்கள்’ மகிழ்ச்சியா என்று சுவடிகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்பது இதனால்தான்.

சரி, பிழை தெரிந்தது, அதை வைத்து என்ன செய்வது? பரீட்சையில் இரண்டு பையன்கள் ஒரே சரியான விடையை எழுதினால் வாத்தியார் ஒன்றும் சொல்ல மாட்டார். ஒரே விசித்திரமான தப்பை எழுதினால்தான் யாரைப் பார்த்து யார் எழுதியது என்று விசாரிப்பார். டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் இருந்த வில்லியம் ஃபெரார் 1868-இல் செய்தது அந்த விசாரணைதான். பாரிஸ், லெஸ்டர், வியன்னா, மிலான் என்று நாலு ஊர்களில் கிடந்த நாலு சுவடிகள் வினோதமான பாடங்களில் திரும்பத் திரும்ப ஒத்துப்போவதைக் கவனித்தார். அதில் ஒன்று பிரமாதம். விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணைக் கல்லெறியக் கொண்டுவரும் கதை, நமக்குத் தெரிந்து யோவான் 8-ஆம் அதிகாரத்தில் இருப்பது, இவற்றில் லூக்கா 21-ஆம் அதிகாரத்தின் முடிவில் போய் உட்கார்ந்திருக்கிறது! நாலு பேருக்கும் தனித்தனியாக இந்த யோசனை வந்திருக்க வாய்ப்பில்லை. ஆக, தொலைந்துபோன ஒரே தாய்ச்சுவடியின் பிள்ளைகள்தான் இவை. அந்தக் கதை சும்மா இடம் மாறவும் இல்லை. யோவானின் மிகப் பழைய பிரதிகளில் அது இல்லவே இல்லை. தனியாக உலவிக்கொண்டிருந்த ஒரு கதைக்கு ஆளாளுக்கு ஓர் இடம் பார்த்துக் கொடுத்திருக்கிறார்கள்.

இதிலிருந்து வருவதுதான் துறையின் முக்கியமான விதி: சுவடிகளை எண்ணாதே, எடை போடு. ஒரே தாயின் ஆயிரம் பிள்ளைகள் சேர்ந்து சொன்னாலும் அது ஒரு சாட்சிதான். மாற்கு நற்செய்தியின் முடிவை எடுத்துக்கொள்ளுங்கள். நம் வேதாகமங்களில் 16:20 வரை இருக்கிறது, கிரேக்கச் சுவடிகளில் மிகப் பெரும்பாலானவையும் அப்படித்தான். ஆனால் 4-ஆம் நூற்றாண்டின் இரண்டு பெரிய சுவடிகள், வத்திக்கான் சுவடியும் சினாய் மலை மடத்திலிருந்து வந்த சினாய் சுவடியும், 16:8-இலேயே நின்றுவிடுகின்றன. பெண்கள் காலியான கல்லறையைப் பார்த்துவிட்டு ஓடுகிறார்கள், பயந்திருந்ததால் யாருக்கும் ஒன்றும் சொல்லவில்லை, முற்றும். அதே நூற்றாண்டில் சபை வரலாறு எழுதிய யூசேபியஸும் துல்லியமான பிரதிகள் இங்கேதான் முடிகின்றன என்று பதிவு செய்திருக்கிறார். வேறொரு குட்டி முடிவும் உண்டு. சில சுவடிகள் எதற்கு வம்பு என்று குட்டி முடிவையும் நீள முடிவையும் அடுத்தடுத்து எழுதிவைத்திருக்கின்றன. நீளமான முடிவு ஆரம்பத்திலேயே இருந்திருந்தால் அதை வெட்டிவிட்டு மொட்டையாக விடவோ, குட்டியாக ஒன்றைக் கட்டிச் சேர்க்கவோ யாருக்கு என்ன அவசியம்? மொட்டையாக இருந்ததால்தான் ஆளுக்கொரு வால் ஒட்டினார்கள் என்று கொண்டால் எல்லாமே விளங்கிவிடுகிறது. எந்தப் பாடத்திலிருந்து மற்றவை கிளைத்திருக்க முடியுமோ அதுதான் பழையது, இது இரண்டாவது விதி.

இதன் தம்பி ஒருவன் இருக்கிறான்: உறுத்துகிற பாடத்தை லேசில் தள்ளாதே. மாற்கு 1:41-இல் தொழுநோயாளியைப் பார்த்து இயேசு ‘மனதுருகினார்’ என்று ஏறக்குறைய எல்லாக் கிரேக்கச் சுவடிகளும் சொல்லும்போது, கேம்பிரிட்ஜில் இருக்கும் பெசா சுவடி மட்டும் ‘கோபப்பட்டார்’ என்கிறது. கோபத்தை உருக்கமாக மாற்ற எல்லோருக்கும் காரணம் உண்டு, உருக்கத்தைக் கோபமாக மாற்ற யாருக்கும் இல்லை. இதே சம்பவத்தைச் சொல்லும் மத்தேயுவும் லூக்காவும் இந்த இடத்தில் உணர்ச்சியைக் குறிக்கும் சொல்லையே விட்டுவிட்டார்கள் என்பதும் யோசிக்க வைக்கிறது. இது இன்னும் தீராத வழக்கு. எனக்கென்னவோ கோபத்தின் பக்கம் கொஞ்சம் சாயத் தோன்றுகிறது.

இனி இறையியலுக்கு வருவோம். வீட்டில் இரண்டு தமிழ் வேதாகமம் இருந்தால் 1 தீமோத்தேயு 3:16-ஐ எடுத்துப் பாருங்கள். பழைய மொழிபெயர்ப்பில் ‘தேவன் மாம்சத்திலே வெளிப்பட்டார்’ என்று இருக்கும். பொது மொழிபெயர்ப்பில் அந்த இடத்தில் கடவுள் என்ற சொல் இருக்காது, மானிடராக வெளிப்படுத்தப்பட்டவரைப் பற்றிய வரியாக மட்டும் இருக்கும். இத்தனை பெரிய வித்தியாசம் இரண்டு சின்னக் கோடுகளால் வந்தது. கிரேக்கத்தில் ‘எவர்’ என்பதற்கு ‘ஹோஸ்’ என்ற சொல், பெரிய எழுத்தில் ஒரு வட்டமும் பக்கத்தில் ஒரு பிறையும் போட்டால் முடிந்தது. கடவுளுக்குச் சொல் ‘தெயோஸ்’. ஆனால் புனிதப் பெயர்களை முழுதாக எழுதாமல் முதல் எழுத்தையும் கடைசி எழுத்தையும் மட்டும் எழுதி மேலே ஒரு கோடு இழுப்பது அன்றைய கிறிஸ்தவச் சுவடிகளின் வழக்கம். அப்படிச் சுருக்கினால் வருவது அதே வட்டம், அதே பிறை. வட்டத்துக்குள் ஒரு படுக்கைக் கோடு, தலைக்கு மேல் ஒரு கோடு, அவ்வளவுதான் கூடுதல்.

1715 வாக்கில் யோகான் யாக்கோப் வெட்ஸ்டைன் என்ற சுவிஸ் இளைஞர் லண்டனுக்கு வந்து 5-ஆம் நூற்றாண்டின் அலெக்சாந்திரியச் சுவடியில் இந்த இடத்தை உற்றுப் பார்த்தார். வட்டத்துக்குள் கோடு தெரிந்தது. இன்னும் உற்றுப் பார்த்ததில், அது இந்தப் பக்கத்துக் கோடே இல்லை, தோலின் மறுபக்கத்தில் எழுதிய எப்சிலான் எழுத்தின் நடுக்கோடு ஊடுருவித் தெரிகிறது என்று முடிவுக்கு வந்தார். சினாய் சுவடியில் விவகாரம் இன்னும் வெளிப்படை: முதலில் எழுதியவர் ‘ஹோஸ்’ என்றே எழுதியிருக்கிறார், ‘தெயோஸ்’ ஆக்குவதற்கான எழுத்துகளைப் பல நூற்றாண்டு கழித்து வேறொரு கை மேலே சொருகியிருக்கிறது. 4-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதிக்கு முன் வாழ்ந்த சபைத் தந்தையர், அதாவது ஆரம்பகாலக் கிறிஸ்தவ ஆசான்கள், யாருடைய எழுத்திலும் இந்த வசனம் ‘தேவன்’ என்ற சொல்லோடு வருவதில்லை. மேற்கோள்களை இப்படிக் காலவரிசையில் அடுக்கினால் ஒரு பாடம் எப்போது தலைகாட்டத் தொடங்கியது என்று பிடித்துவிடலாம். வெட்ஸ்டைன் இதையெல்லாம் சும்மா எழுதிவிட்டுப் போக முடியவில்லை, இயேசுவின் தெய்வத்தன்மையை மறுக்கிறார் என்ற குற்றச்சாட்டில் 1730-இல் பாசெல் நகரில் பதவி பறிபோனது. பெரிய எழுத்துச் சுவடிகளுக்கு லத்தீன் எழுத்தும் சிறிய எழுத்துச் சுவடிகளுக்கு எண்ணும் கொடுக்கும் முறையைக் கொண்டுவந்தவரும் அவரே, நாம் மேலே பார்த்த ‘109’ அந்த வழியில் வந்ததுதான்.

அப்படியானால் கொள்கைச் சண்டைக்காக நூலைத் திருத்திவிட்டார்கள் என்று கிளம்பிவிடலாமா? அவசரப்பட வேண்டாம். 325-இல் நிசேயா நகரில் ஆயர்களின் சங்கத்தைக் கூட்ட வைத்தது, குமாரன் பிதாவுக்குச் சமமா இல்லையா என்று ஆரியுஸ் என்ற குரு கிளப்பிய சர்ச்சை. உலக முடிவு வரும் அந்த நாளும் நேரமும் ‘குமாரனுக்கும்’ தெரியாது என்ற வரி ஆரியுஸ் கட்சிக்கு நல்ல ஆயுதம். மத்தேயு 24:36-இல் அந்தச் சொல் பல சுவடிகளில் இல்லை. சினாய் சுவடியில் முதலில் இருந்தது, ஒருவர் நீக்கினார், இன்னொருவர் திரும்பச் சேர்த்தார். கேஸ் முடிந்தது போலத்தான் தெரியும். ஆனால் 3-ஆம் நூற்றாண்டு வேத அறிஞர் ஓரிகன் கையாண்ட கிரேக்கப் பிரதிகளில் அது இல்லை என்று ஜெரோம் குறிப்பிடுகிறார், ஓரிகனோ ஆரியுஸ் வாய் திறப்பதற்கு ஐம்பது அறுபது வருடம் முன்பே இறந்துவிட்டவர். அதோடு மாற்கு 13:32-இல் அதே சொல் ஏறக்குறைய எல்லாச் சுவடிகளிலும் பத்திரமாக இருக்கிறது. சதி செய்கிறவன் ஒரு கதவைப் பூட்டிவிட்டு அடுத்த கதவைத் திறந்தா வைப்பான்? தனக்கு உறுத்தியதை அங்கங்கே ஒவ்வொருவர் சரிசெய்ததாகத்தான் தோன்றுகிறது.

இப்போது வேலையின் பெரும்பகுதி கணினியில் நடக்கிறது. 1959-இல் ஜெர்மனியின் மியூன்ஸ்டரில் தொடங்கிய ஆய்வு நிறுவனத்தில் சுவடிகளை இரண்டிரண்டாக ஒப்பிட்டு, எந்தெந்த இடத்தில் எதன் பாடம் எதிலிருந்து பிறந்திருக்கும் என்று கணக்குப் போடுகிறார்கள். குடும்ப மரம் ஒன்றை வரைந்து முடித்துவிட முடியாது, ஏனென்றால் எழுதுபவர்கள் ஒரு பிரதியைப் பார்த்து எழுதி, இன்னொரு பிரதியைப் பார்த்துத் திருத்தினார்கள். பிள்ளைக்கு நாலைந்து தாய்.

திருத்தியவர்களைத் திட்டியவர்களும் உண்டு. வத்திக்கான் சுவடியில் எபிரெயர் 1:3-இல், குமாரன் எல்லாவற்றையும் ‘தாங்குகிறார்’ என்று வர வேண்டிய இடத்தில், முதலில் எழுதியவர் ‘ஃபெரோன்’ என்பதை ‘ஃபனெரோன்’ என்று எழுதிவிட்டார், ‘வெளிப்படுத்துகிறார்’ என்று ஆகிவிட்டது. பிறகு வந்த ஒருவர் அதைச் சரியாக ‘ஃபெரோன்’ என்று திருத்தினார். இடைக்காலத்தில் இன்னொருவர் வந்தார், பழைய எழுத்து அழிக்கப்பட்டிருப்பதைப் பார்த்தார், கொதித்துப்போய் மறுபடி ‘ஃபனெரோன்’ என்று மாற்றிவிட்டு, பத்திக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் இப்படி எழுதிவைத்தார்: ‘அறிவுகெட்ட மூடனே, பழையதை அப்படியே விடு, மாற்றாதே!’ அவர் அத்தனை கோபமாகக் காப்பாற்றிக் கொடுத்தது, அந்தச் சுவடியைத் தவிர ஏறக்குறைய வேறெந்தச் சுவடியிலும் இல்லாத ஓர் எழுத்துப்பிழையை.