வெள்ளத்தில் நின்ற மரத்தை வெட்ட அவசரப்படாதீர்கள்

வெள்ளம் வடிந்த கையோடு எங்கள் பக்கம் மரம் அறுக்கும் வாள் வந்துவிடுகிறது. இலை பழுத்துக் கொட்டி மொட்டையாக நிற்கும் மரத்தைப் பார்த்ததுமே, "பட்டுப்போய்விட்டது, விலை பேசிவிடலாம்" என்கிறார்கள். கடலூர், பாகூர் வட்டாரத்தில் ஏரி, குளங்களை மீட்கும் வேலையில் இருப்பவன் என்ற முறையில் மன்றாடிக் கேட்கிறேன்: கொஞ்சம் பொறுங்கள். அவற்றில் பல இன்னும் உயிரோடு இருக்கின்றன.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 40 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. அடுத்து, சாத்தனூர் அணையில் திறந்த நீர் தென்பெண்ணையில் பெருகி வந்தது. இப்படிப்பட்ட வெள்ளம் செம்மண் மேட்டில் சீக்கிரம் இறங்கிவிடும்; ஏரி உள்வாயின் களிமண்ணில் வாரக்கணக்கில் நிற்கும்.

தண்ணீரில் நிற்கும் மரம் ஏன் வாடுகிறது? வேரும் சுவாசிக்க வேண்டும். காற்றில் பரவுவதைவிட நீரில் ஆக்சிஜன் ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகவே பரவும். மண்ணில் மிஞ்சியிருப்பதையும் நுண்ணுயிர்கள் ஓரிரு நாளில் தீர்த்துவிடும். மூச்சு முட்டி நுனிவேர்கள் அழுகுகின்றன. நீர் உறிஞ்ச வழியில்லாத மரம், இலையைக் கழித்துத் தன் செலவைக் குறைத்துக்கொள்கிறது.

அடிமரத்தை உட்கார்ந்து பாருங்கள். நீர் நின்ற மட்டத்தை ஒட்டிப் பட்டையில் பொரி ஒட்டியதுபோல் வெள்ளை வெள்ளையாகப் புடைத்திருந்தால், மரம் காற்றுக்கு வழி திறந்திருக்கிறது என்று பொருள். சிலவற்றில் அதே இடத்தில் புதுவேர்கூடத் தொங்கும். இளங்கிளையின் தோலை நகத்தால் கீறுங்கள். உள்ளே பச்சையும் ஈரமும் இருந்தால் கிளை சாகவில்லை. பழுப்பாக உலர்ந்திருந்தால் இன்னும் கீழே இறங்கிக் கீறிப் பாருங்கள்.

எல்லா மரத்துக்கும் ஒரே தாங்குசக்தி கிடையாது. நீர்மருது, கருவேலம், புங்கன், நாவல் தாங்கும். பலாவும் முந்திரியும் தாங்காது. பண்ருட்டிக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

முதலில் தூரைச் சுற்றிப் படிந்த வண்டலைக் கையால் அகற்றுங்கள். ஈரம் காயும்வரை பொக்லைனை மரத்தடியில் விடாதீர்கள். இறுகிய மண்ணில் வேர் மறுபடி மூச்சுத் திணறும். உரம் இப்போது வேண்டாம். உண்மையான ஆபத்து பங்குனி, சித்திரையில்தான் வரும். பாதி வேரை இழந்த மரம் அந்த வெயிலைத் தாங்காது. வெள்ளத்தில் நின்ற மரத்துக்குக் கோடையில் தண்ணீர் ஊற்றச் சொன்னால் பலரும் வியக்கிறார்கள். பிழைக்க வைப்பது பெரும்பாலும் அந்தத் தண்ணீர்தான். அடுத்த மழைக்காலம்வரை தளிர் வரவில்லை என்றால் பிறகு முடிவு செய்யலாம்.

நீர்நிலை மீட்பில் இறங்கியிருப்பவர்கள் கன்று வாங்கும் முன் நீரோட்டத்தைக் கவனிக்க வேண்டும். வேரை வெளியே நீட்டிச் சுவாசிக்கும் அலையாத்தி மரங்கள்கூடத் தேங்கிய நீரில் சாகும். பிச்சாவரத்தில் முன்பு மரங்களை வெட்டியதால் நிலம் பள்ளமாகி, கடல்நீர் தேங்கி, உப்பேறிக் காடு அழிந்த இடங்களில், எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டின. கடல் ஓதம் ஏறி இறங்கத் தொடங்கிய பிறகே நட்ட கன்றுகள் பிடித்தன.

வேர்ப்பக்கம் மண் வெடித்துச் சாய்ந்த மரம் வீட்டருகிலோ பாதையிலோ இருந்தால் தாமதிக்காமல் அகற்றுங்கள். ஏரிக்குள் பட்டுப்போனதை மட்டும் விட்டுவிடுங்கள். நீர்க்காகமும் பாம்புத்தாராவும் சிறகு உலர்த்த அந்தக் கிளைகளில்தான் வந்து உட்காரும்.