கேள்வி கேட்டுட்டு சும்மா நிக்கிறதுதான் பெரிய வேலை

டீவில கேம் ஷோ நடத்துறவருக்கு நல்ல குரல் வேணும், ஜோக் அடிக்கத் தெரியணும், ஆள் பாக்க எடுப்பா இருக்கணும், யாரக் கேட்டாலும் இதத்தான் சொல்லுவாங்க. எனக்கு அதுல பெருசா உடன்பாடு இல்ல. அதெல்லாம் இருந்தும் பத்து நிமிஷம் பாக்க முடியாத ஷோ எத்தனையோ ஓடுது. வாய எப்ப மூடிக்கிட்டு இருக்கணும்னு தெரிஞ்ச ஆள்தான் நல்ல ஹோஸ்ட், அது ஏன் அவ்வளவு கஷ்டம்னா காரணம் நம்ம மூளைலயே இருக்கு.

ரெண்டு பேர் பேசிக்கிறப்ப ஒருத்தர் கேள்விய முடிச்சி மத்தவர் பதில ஆரம்பிக்க எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பத்து மொழியில அளந்து 2009ல ஒரு ஆய்வு வந்துச்சு. சராசரி சுமாரா 200 மில்லிசெக்கன், அதாவது ஒரு செக்கன்ல அஞ்சுல ஒரு பங்கு. ஜப்பான்காரங்க அத விட வேகம், டென்மார்க்காரங்க கொஞ்சம் நிதானம், ஆனா சராசரிக்கும் அவங்களுக்கும் உள்ள வித்தியாசம் கால் செக்கன் அளவுதான். இத்தனைக்கும் ஒரு படத்தப் பாத்து அதோட பேர சொல்லவே நமக்கு அர செக்கனுக்கு மேல ஆகும். அப்ப எதிர்ல இருக்கிறவர் பேசி முடிக்கிறதுக்குள்ளயே நம்ம மூளை பதில தயார் பண்ண ஆரம்பிச்சிருதுன்னுதான அர்த்தம். இப்பிடி பழகிட்டதாலதான் ரெண்டு செக்கன் சத்தமில்லாம போனாலே நமக்கு ஒரு மாதிரி ஆயிருது, எதையாவது சொல்லி ரொப்பத் தோணுது. டீச்சர்மாருக்கும் இதே கததான். அமெரிக்காவுல மேரி பட் ரோங்கிற கல்வி ஆய்வாளர் 1970கள்ல வகுப்புகள டேப் பண்ணி கேட்டப்ப, கேள்வி கேட்டுட்டு ஒரு செக்கன் கூட சரியா பொறுக்காம அடுத்த புள்ளைகிட்ட போயிர்றாங்கன்னு தெரிஞ்சுச்சு. அத மூணு செக்கன் ஆக்குனதும் புள்ளைங்க பதில் நீளமாச்சு, பேசாம இருந்த புள்ளைங்களும் வாயத் தொறந்துச்சுங்க.

இலங்கை மலையகத்துல எங்க மஸ்கெலியா பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துல கோயில் திருவிழான்னா ராத்திரி கேள்வி பதில் நிகழ்ச்சி இருக்கும், ஸ்டோர்ல வேல செய்ற ஒரு அண்ணன்தான் மைக் பிடிப்பாரு. ஒரு தடவ கொழுந்து பறிக்கிற அக்கா ஒருத்தங்கள மேடைக்குக் கூப்பிட்டு "இலங்கையிலயே ஒசரமான மலை எது"ன்னு கேட்டாரு. கீழ இருந்து எல்லாரும் சிவனொளிபாதமலைன்னு கத்துறாங்க, தெனம் கண்ணு முன்னாடி நிக்கிற மலையாச்சே. அக்கா முந்தானைய வெரல்ல சுத்திக்கிட்டே நிக்கிறாங்க. அண்ணன் மைக்க அவங்க வாய்கிட்ட திணிக்கல, தன் நெஞ்சோட வச்சிக்கிட்டு அவங்க மொகத்த மட்டும் பாத்துக்கிட்டு நின்னாரு. கொஞ்ச நேரம் கழிச்சி மெதுவா "பீதுருதாலகால"ன்னாங்க. கூட்டம் சிரிச்சிருச்சு. "முடிவா சொல்றீங்களாக்கா?"ன்னு அண்ணன் அதே மொகத்தோட கேட்டாரு. சரியான பதில்தான், பீதுரு 2,524 மீட்டர், சிவனொளிபாதம் 2,243. நுவரெலியா டவுனே 1,868 மீட்டர்ல இருக்கிறதால அங்க இருந்து பாத்தா பீதுரு அவ்வளவு பெருசா தெரியாது, அதான் ஆளுங்க ஏமாந்துர்றாங்க.

அந்த "அதே மொகம்" இருக்கே, அது லேசுப்பட்ட வேல இல்ல. 1900கள் ஆரம்பத்துல ஜெர்மனியில ஹான்ஸ்னு ஒரு குதிரை கணக்குப் போடுதுன்னு ஊரே நம்புச்சு, கேட்டா காலால தட்டித் தட்டி விடை சொல்லும். ஒஸ்கார் பஃபுங்ஸ்ட்ங்கிற ஆய்வாளர் சோதிச்சா, கேக்குறவருக்கு விடை தெரியலன்னா குதிரைக்கும் தெரியல. சரியான எண்ணிக்கை வந்ததும் கேக்குறவர் தலை தன்ன அறியாம துளி அசையுது, குதிரை அதப் பாத்து நிறுத்திக்குது. குதிரையே கண்டுபிடிச்சிருதுன்னா காசுக்காக உக்காந்திருக்கிற மனுசன் கண்டுபிடிக்க மாட்டானா? "இதுதான் உங்க இறுதி பதிலா"ன்னு சரியான பதிலுக்கும் தப்பான பதிலுக்கும் ஒரே மாதிரி கேக்குறதே அதுக்குத்தான். தப்புக்கு மட்டும் கேட்டா அந்தக் கேள்வியே விடைய காட்டிக்குடுத்துரும்.

பாக்குற நமக்கும் அந்த இழுவைல ஒரு போத இருக்கு. மூளைய ஆராய்ற வுல்ஃப்ரம் ஷுல்ட்ஸோட குழு 2003ல கொரங்குகள வச்சி பாத்துச்சு. ஜூஸ் கெடைக்குமா கெடைக்காதான்னு சரிபாதி சந்தேகம் இருக்கிறப்பதான் மூளைல டோபமீன்ங்கிற ரசாயனத்த சுரக்கிற செல்லுங்களோட துடிப்பு அந்தக் கடைசி நொடி வர மெல்ல மெல்ல ரொம்ப அதிகமா ஏறுது, கட்டாயம் கெடைக்கும்னு தெரிஞ்சா அப்பிடி ஏறல. ஆனா இத வெளம்பர இடைவேளைக்கு அப்புறமும் இழுக்கிறவங்கள பாத்தா எரிச்சல்தான் வருது.

இன்னொண்ணு, ஹோஸ்ட் பெரிய அறிவாளி மாதிரி தெரிவாரு. ஸ்டான்ஃபோர்ட்ல 1977ல லீ ராஸும் கூட்டாளிகளும் மாணவர்கள குலுக்கல்ல ரெண்டாப் பிரிச்சி, ஒரு பக்கத்துக்கு தனக்குத் தெரிஞ்ச கஷ்டமான கேள்வி பத்து எழுதி கேக்கச் சொன்னாங்க, மத்தவங்க பதில் சொல்லணும். சராசரியா நாலுதான் சரி. பாத்தவங்க எல்லாம் கேள்வி கேட்டவர்தான் அறிவாளின்னு மார்க் போட்டாங்க, பதில் சொன்னவங்களும் அப்பிடியேதான் நெனச்சாங்க, கேள்விய எழுதுனதே அவர்தாங்கிறது எல்லாருக்கும் தெரிஞ்சும். கேள்வி கேட்டவங்க மட்டும் ஏமாறல, தங்களையும் எதிர்ல உக்காந்தவங்களையும் கிட்டத்தட்ட சமமாத்தான் போட்டிருந்தாங்க.