ஆபரேஷனுக்கு முன்பே அடிகளை எண்ணத் தொடங்குங்கள்

மூட்டு மாற்று ஆபரேஷன் முடிந்து பென்னாகரத்துக்கோ அஞ்செட்டிக்கோ திரும்பியவர், சில வாரம் கழித்து மறுபரிசோதனைக்கு வருகிறார். "நடக்க முடியுதா?" என்று டாக்டர் கேட்டால், "பரவாயில்லைங்க" என்பார். இடைப்பட்ட நாட்களில் தெருவரை போனாரா, கட்டிலிலேயே கிடந்தாரா? சட்டைப் பையில் இருந்த செல்போனில் அதற்கான பதிவு இருக்கும்.

போனுக்குள் முடுக்கமானி என்ற சில்லு இருக்கிறது. அதில் சிலிக்கானில் செதுக்கிய நுண்ணிய எடை ஒன்று மெல்லிய வில்களில் தொங்குகிறது. போன் அசைந்தால் எடை விலகும். பக்கத்துத் தகடுகளோடு உள்ள இடைவெளி மாறும். அதனால் அவற்றுக்கிடையே மின்னேற்றத்தைத் தேக்கும் அளவான மின்தேக்குத்திறனும் மாறும். இதை மூன்று திசைகளிலும் நொடிக்குப் பலமுறை சில்லு அளக்கிறது. நாம் நொடிக்கு ஏறத்தாழ இரண்டு அடி வைக்கிறோம். ஒவ்வொரு அடிக்கும் அளவு ஒருமுறை ஏறி இறங்கும். அந்தத் தாளம் சீராக வந்தால் மென்பொருள் அதை நடை என்று கணக்கில் சேர்க்கும். டவுன்பஸ் குலுக்கலைப் பெரும்பாலும் தள்ளிவிடும்.

ஆனால் வாக்கரைப் பிடித்துக் காலை இழுத்து வைப்பவரின் நடையில் அந்த ஏற்ற இறக்கம் மிகச் சிறியது. பல அடிகள் விட்டுப்போகும். யாருக்கு எண்ணிக்கை மிகவும் தேவையோ அவரிடமே போன் தடுமாறுகிறது. அப்புறம், மாந்தோப்பில் வேலை செய்பவர் போனை மரத்தடியில் வைத்துவிட்டுப் போவார். வீட்டில் இருப்பவர் சார்ஜில் போட்டுவிடுவார். அன்றைக்குப் பூஜ்யம் என்று காட்டினால் அவர் படுத்தே கிடந்தார் என்று முடிவு கட்டக் கூடாது.

அதனால் ஒரு நாள் கணக்கைவிட வாரச் சராசரியே மேல். 10,000 அடி என்ற இலக்கும் இங்கே உதவாது. அது 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவியோடு பரவியது. ஒப்பிட வேண்டியது அதே ஆளின் பழைய நடையோடுதான்; அதற்காகத்தான் ஆபரேஷனுக்கு முன்பே எண்ணத் தொடங்க வேண்டும். உதாரணத்துக்கு, முன்பு தினமும் 4,000 அடி நடந்தவர் ஆபரேஷன் முடிந்ததும் 500-க்கு இறங்கி, வாரா வாரம் ஏறினால் சரி. ஏறிக்கொண்டிருந்தது திடீரென்று சரிந்தால் காரணம் வலியாக இருக்கலாம், புண்ணில் சீழாக இருக்கலாம், காலில் ரத்தக்கட்டாகவும் இருக்கலாம். போன் காரணத்தைச் சொல்லாது. விசாரிக்க வேண்டிய நேரத்தை மட்டும் காட்டும். கீமோதெரபி எடுப்பவர்களுக்கும் இதே முறைதான்.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வருகிறது. வருகிறவரிடம் போனில் உள்ள இந்த அடிக் கணக்கைக் காட்டலாம். கெண்டைக்கால் வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள்.