நுழைகிற தோட்டா எல்லாம் சுடத் தகுந்தது ஆகிவிடாது

சிலிண்டரில் ஓர் அறை (தோட்டா உட்காரும் துளை) பிளந்து, மேல்பட்டை வளைந்துபோன வெப்லி மார்க் 6 ரிவால்வர். என்ன தோட்டா போட்டீர்கள் என்று கேட்டால் எப்போதும் அதே பதில்தான்: ".45 ஏசிபி (அமெரிக்கப் பிஸ்டல் தோட்டா) சரியாகத்தானே உட்கார்ந்தது?" இந்தப் பதிலை இத்தனை முறை கேட்டும் இன்னும் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

1915-இல் பிரிட்டிஷ் ராணுவம் ஏற்ற இந்த ரிவால்வர் .455 வெப்லி தோட்டாவுக்காகச் செய்யப்பட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு உபரிச் சரக்காக அமெரிக்காவுக்கு வந்தபோது .455 அங்கே அரிது, .45 ஏசிபியோ எந்தக் கடையிலும் கிடைக்கும். அதனால் விற்றவர்கள் சிலிண்டரின் பின்முகத்தைச் சீவினார்கள். மூன்று தோட்டாக்களைப் பிடிக்கும் ஹாஃப் மூன் கிளிப் இரண்டைப் போட்டால் .45 ஏசிபி ஆறும் உட்கார்ந்துவிடும். கிளிப்புக்கு இடம் கிடைத்தது, அவ்வளவுதான். சிலிண்டரின் உலோகமும் அறைச்சுவரின் தடிமனும் முன்பு இருந்தபடியேதான் இருக்கின்றன.

அழுத்தத்தைப் பாருங்கள். .455 தோட்டா 265 கிரெயின் (குண்டின் எடை அளவு) ஈயக் குண்டை நொடிக்குச் சுமார் 600 அடி வேகத்தில் தள்ளும். அதன் அழுத்தம் ஏறத்தாழ 13,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு). .45 ஏசிபிக்கு அமெரிக்கத் தர அமைப்பான சாமி வைத்திருக்கும் உச்சவரம்பு 21,000 பிஎஸ்ஐ. ராணுவ வகை 230 கிரெயின் தோட்டா 830 அடி வேகத்தை எட்டுவது இந்த வரம்புக்குள்தான். "குண்டு இலேசானதுதானே, ரிவால்வருக்கு நோகாது" என்பார்கள். குண்டின் எடை குறைந்தால் அறைக்குள் அழுத்தமும் குறையும் என்று எந்த விதியும் இல்லை. மருந்தின் அளவும் வகையும்தான் அதைப் பெரிதும் முடிவு செய்கின்றன.

அடுத்த வாதம், "ப்ரூஃப் முத்திரை இருக்கிறதே!" இருக்கிறது. துப்பாக்கிகளைச் சோதித்து முத்திரை குத்தும் பிர்மிங்காம் ப்ரூஃப் ஹவுஸின் முத்திரை, துப்பாக்கி எந்தத் தோட்டாவுக்குச் செய்யப்பட்டதோ அதற்கான சோதனை. வெப்லியில் அது .455. சிலிண்டரைச் சீவியது பிறகு, வேறு நாட்டில், வேறு கையால். அந்த வேலையைப் பார்த்து எந்த ப்ரூஃப் ஹவுஸும் முத்திரை குத்தவில்லை. இன்னொன்று: ப்ரூஃப் என்பது வேண்டுமென்றே கூடுதல் அழுத்தம் கொடுத்து, துப்பாக்கி தாங்குகிறதா என்று பார்க்கும் சோதனை. கடையில் விற்கும் முழு வேக .45 ஏசிபி அந்தச் சோதனை அளவை நெருங்கிவிடுகிறது. ஒரு முறை தாங்க வேண்டியதை ஒவ்வொரு விசை இழுப்பிலும் தாங்கச் சொல்கிறீர்கள். "இருநூறு சுட்டாயிற்று, ஒன்றும் ஆகவில்லை" என்பது தைரியம் தரும் செய்தி இல்லை. உலோகம் களைத்துப் போவது வெளியே தெரியாது. குழலைக் கீழே மடக்கித் திறக்கும் இந்த அமைப்பில் முதலில் பூட்டும் கீலும் தளரும், பிறகு சிலிண்டர் ஆடும். அறைச்சுவர் விரியும்போது முன்னறிவிப்பு இருக்காது.

(முத்திரையில் சதுர அங்குலத்துக்கு இத்தனை டன் என்று இருந்தால் அதை 2,240-ஆல் பெருக்கி பிஎஸ்ஐ என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தக் கணக்கு செம்பு நசுக்கி அளந்தது. இன்றைய மின்னணு அளவோடு நேராக ஒப்பிட முடியாது.)

உங்கள் வெப்லி சீவியதா இல்லையா? காலியான ரிவால்வரில் சுட்ட வெற்றுக் கூடுகளை வைத்தே பார்க்கலாம். கிளிப்பில் மாட்டிய .45 ஏசிபி கூடுகளோடு ரிவால்வர் மூடிக்கொண்டு சிலிண்டர் தடையின்றிச் சுழன்றால் சீவியது. மூட மறுத்தால் பெரும்பாலும் சீவாதது, அதைத் தயவுசெய்து அப்படியே விடுங்கள். சீவிய சிலிண்டரில் .455 கூட்டை இட்டால் முன்னும் பின்னும் ஆடும். .455-இன் விளிம்பு மெல்லியது, ஏறத்தாழ .035 அங்குலம். கிளிப்புக்காக வெட்டிய இடமோ அதைவிட இரண்டு மடங்குக்கும் மேல். அதனால்தான் சீவிய துப்பாக்கியில் அசல் .455 அடிக்கடி வெடிக்காமல் நிற்கிறது. தோட்டாவை அடிக்கும் ஊசியைக் குறை சொல்லி ஸ்பிரிங் மாற்றுகிறவர்கள் முதலில் இதைப் பாருங்கள்.

சீவாத சிலிண்டருக்கு வழி எளிது. இத்தாலியின் ஃபியோக்கி .455 மார்க் 2 தோட்டா செய்கிறது. ஹார்னடியும் இதைச் செய்திருக்கிறது. தோட்டாவைத் தாங்களே நிரப்புகிறவர்களுக்கு ஸ்டார்லைன் பித்தளைக் கூடு இருக்கிறது. .45 கோல்ட் கூட்டை வெட்டிச் சுருக்கியும் செய்வார்கள், ஆனால் அதன் விளிம்பு .060 அங்குலம். விளிம்பைக் கடைந்து மெலிதாக்காமல் போட்டால் சிலிண்டர் சுழலாது.

சீவிய சிலிண்டருக்கு .45 ஆட்டோ ரிம் கூடு. இது கிளிப் இல்லாமலே ரிவால்வரில் நிற்பதற்காக 1920-இல் பீட்டர்ஸ் நிறுவனம் கொண்டுவந்தது. தடித்த விளிம்பு அந்த இடைவெளியைச் சரியாக நிரப்பும். அதில் .455-இன் அழுத்தத்துக்குள் அடங்கும்படி, வெளியிடப்பட்ட அளவைப் பார்த்து, மென்மையான ஈயக் குண்டோடு நிரப்ப வேண்டும். நிரப்பத் தெரியாவிட்டால் உரிமம் பெற்ற நிரப்புநரிடம் "சீவிய வெப்லிக்கு" என்று சொல்லியே கேளுங்கள். பெட்டியில் ஆட்டோ ரிம் என்று இருப்பதாலேயே மென்மையான தோட்டா என்று நம்ப வேண்டாம். சில பெட்டிகள் .45 ஏசிபியைவிட வேகமானவை.

குண்டு விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். வெப்லியில் சிலிண்டர் வாய், குழலுக்குள் சுருளாக ஓடும் பள்ளத்தைவிடக் குறுகலாக இருப்பது சாதாரணம். அதனால்தான் அசல் குண்டு அடியில் குழிந்த மென்மையான ஈயம்: குறுகிய வாயைத் தாண்டியதும் அடிப்பகுதி விரிந்து பள்ளத்தை நிரப்பும். கெட்டியான ஈயமோ செம்பு உறையிட்டதோ இப்படி விரியாது. வாயில் இறுகும், குழலில் வழுக்கும், இலக்கில் பக்கவாட்டில் துளைக்கும். ஈயத் துண்டைத் தட்டி நுழைத்து, சிலிண்டர் வாய், குழலின் பள்ளம் இரண்டையும் அளந்த பிறகே குண்டு வாங்குங்கள்.

.455 என்று போட்டதெல்லாம் உங்களுக்கானது இல்லை. வெப்லி தானியங்கிப் பிஸ்டலுக்கான .455 ஆட்டோ வேறு தோட்டா, அரை விளிம்பு கொண்டது, அதை ரிவால்வரில் போடக் கூடாது. பழைய பெட்டியில் ".455 கோல்ட்" என்றிருந்தால் அது நீளமான மார்க் 1 கூடு. பிரிட்டிஷ் நிறுவனமான கைனாக்கின் பழைய தோட்டா கிடைத்தால் பெட்டியோடு சேகரிப்பாளரிடம் விற்றுவிடுங்கள். மருந்தைப் பற்றவைக்கும் ப்ரைமர் தாமதமாக எரியலாம், சுட்ட பிறகு குழலும் அரிக்கும்.

இதே தவறு வேறு உருவிலும் வருகிறது. .38 எஸ்&டபிள்யூவுக்கான போர்க்கால ஸ்மித் & வெஸ்ஸன் ரிவால்வர்களின் அறையை ஆழமாகத் துளைத்து .38 ஸ்பெஷல் ஆக்கி விற்றார்கள். .38 ஸ்பெஷல் கூடு மெல்லியது, அறையின் பின்பாதி அகலம், கூடு உப்பிப் பிளக்கிறது. ரஷ்ய ரிவால்வரான நாகான்டில் .32 எஸ்&டபிள்யூ லாங் போடுவதும் இதே கதைதான். நாகான்டுக்கான 7.62 தோட்டாவே இன்றும் புதிதாகச் செய்யப்படும்போது இந்தச் சாகசம் எதற்கு?

சீவிய வெப்லியை விற்பதாக இருந்தால், ஒரு சீட்டில் "சிலிண்டர் சீவியது, முழு வேக .45 ஏசிபி போடக் கூடாது" என்று எழுதி விசைக் காப்பில் கட்டிக் கொடுங்கள். கூடவே அன்பளிப்பாக ஒரு பெட்டி .45 கொடுத்து அனுப்பாதீர்கள்.