இருமும்போது கசிவது வேறு, ஓடுவதற்குள் போய்விடுவது வேறு

சில பெண்களுக்கு இருமினாலோ தும்மினாலோ வாய்விட்டுச் சிரித்தாலோ சிறுநீர் கொஞ்சம் நழுவிவிடுகிறது. இன்னும் சிலருக்கு எவ்வளவு இருமினாலும் ஒன்றும் ஆவதில்லை. ஆனால் 'வருகிறது' என்று தோன்றினால் போதும், கழிவறைக் கதவைத் தொடுவதற்குள் உடை நனைந்துவிடுகிறது. டாக்டரிடம் போனால் இரண்டு பேருமே "யூரினை அடக்க முடியவில்லை" என்றுதான் சொல்வார்கள். உள்ளே நடப்பதோ கிட்டத்தட்ட எதிரெதிர். முதல் பெண்ணுக்கு மூடியிருக்க வேண்டிய இடம் சரியாக மூடுவதில்லை. இரண்டாவது பெண்ணுக்குச் சிறுநீர்ப்பை கூப்பிடாமலே சுருங்குகிறது. ஒருவருக்குக் கொடுக்கும் மாத்திரை மற்றவருக்கு உதவாது. ஆகவே எவ்வளவு கசிகிறது என்பதைவிட எப்போது, என்ன செய்யும்போது கசிகிறது என்பதுதான் முக்கியம்.

முதலில் எல்லாம் ஒழுங்காக நடக்கும்போது என்ன ஆகிறது என்று பார்த்துவிடுவோம். சிறுநீர்ப்பை தசையால் ஆன ஒரு பை. பெரியவர்களுக்கு அதில் 400 முதல் 600 மில்லி வரை பிடிக்கும். 150, 200 மில்லி சேரும்போதே லேசாக ஓர் உணர்வு வரும், ஆனால் அப்போதே போயாக வேண்டும் என்பதில்லை. பை நிரம்பிக்கொண்டே வந்தாலும் உள்ளே அழுத்தம் பெரிதாக ஏறாது. சுவர்த் தசை தளர்ந்து இடம் கொடுத்துக்கொண்டே இருக்கும். அதே நேரத்தில் பையின் கழுத்தும், அதற்குக் கீழே சிறுநீர்க் குழாயைச் சுற்றியுள்ள தசையும் இறுகி நிற்கும். 'இப்போது போகலாம்' என்று முன்மூளை அனுமதித்ததும் மூளைத்தண்டில் உள்ள ஒரு மையம் உத்தரவு போடுகிறது. குழாய் தளர்கிறது, பை சுருங்குகிறது. இந்த மையம் இருப்பதை பாரிங்டன் என்ற ஆய்வாளர் பூனைகளை வைத்து 1925இல் காட்டினார். பெண்களின் சிறுநீர்க் குழாயின் நீளம் சுமார் 4 செ.மீ.தான். ஆண்களுக்கு அது 20 செ.மீ. அளவுக்கு நீளம். பெண்களுக்கு அந்தச் சின்ன நீளத்துக்குள்தான் அத்தனையும் மூடியாக வேண்டும்.

சரி, இருமல் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வயிற்றுக்குள் அழுத்தம் ஒரே நொடியில் எகிறுகிறது. அது சிறுநீர்ப்பையை மேலிருந்து அமுக்குகிறது. அப்படியானால் எல்லோருக்கும் கசிய வேண்டுமே? கசியாததற்குக் காரணம், குழாய்க்கு அடியில் ஒரு தாங்குதளம் இருப்பதுதான். பெண்ணுறுப்பின் முன்சுவரும், அதை இருபக்கமும் இழுத்துப் பிடித்திருக்கும் சவ்வும், இடுப்பெலும்புக்கு அடியில் தொட்டில்போல விரிந்திருக்கும் இடுப்புத்தளத் தசைகளும் சேர்ந்ததுதான் அந்தத் தளம். இருமலின் அழுத்தம் குழாயை இந்தத் தளத்தோடு சேர்த்து நசுக்கி மூடிவிடுகிறது. டிலான்சி என்ற அமெரிக்க மகப்பேறு மருத்துவர் 1994இல் இதை விளக்கினார். தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் ரப்பர் குழாயைக் கட்டாந்தரையில் வைத்து மிதித்தால் தண்ணீர் நின்றுவிடும். சேற்றில் வைத்து மிதித்தால் குழாய் சேற்றுக்குள் அமிழுமே தவிர தண்ணீர் நிற்காது. தாங்குதளம் தளர்ந்துபோனவருக்கு நடப்பது இந்த இரண்டாவது கதை.

தளம் தளர்வதற்குப் பெரிய காரணம் பிரசவம். குழந்தையின் தலை வெளியே வரும்போது இடுப்புத்தளத் தசை தன் நீளத்தைப்போலப் பல மடங்கு இழுபடுகிறது. சிலருக்குத் தசை எலும்போடு ஒட்டியிருக்கும் இடத்திலேயே கிழிந்துவிடுகிறது. தசைக்குப் போகும் நரம்பும் சேர்ந்து இழுபடுகிறது. ஆயுதம் போட்டு எடுத்த பிரசவங்களில் இந்தக் காயம் அதிகம். சிசேரியன் செய்துகொண்டவர்களுக்கு ஆபத்து குறைவு, ஆனால் அறவே இல்லை என்று சொல்ல முடியாது. கர்ப்பத்தின் பாரமே ஒரு காரணம். பிள்ளை பெறாத இளம் பெண்களுக்கும், குறிப்பாகத் தாவிக் குதிக்கும் விளையாட்டு வீராங்கனைகளுக்கு, இது வருகிறது. நாள்பட்ட இருமல், மலச்சிக்கலில் முக்குவது, உடல் எடை ஆகியவையும் தளத்தை நாள்தோறும் அமுக்குகின்றன. எடை விஷயத்தில் நல்ல ஆதாரம் உண்டு. 2009இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஆறு மாதத்தில் உடல் எடையில் சுமார் 8 சதவீதம் குறைத்த பெண்களுக்கு வாரத்தில் கசியும் தடவைகள் கிட்டத்தட்ட பாதியாகக் குறைந்தன.

இவ்வகைக் கசிவுக்கு முதல் சிகிச்சை, இடுப்புத்தளத் தசையை இறுக்கித் தளர்த்தும் பயிற்சிதான். ஆர்னால்ட் கெகல் என்ற மருத்துவர் 1948இல் பிரபலப்படுத்தியது, இன்றும் அவர் பெயரால்தான் வழங்குகிறது. "அதெல்லாம் செய்து பார்த்தேன், பலனில்லை" என்று நிறையப் பெண்கள் சொல்வார்கள். அவர்களைக் குறை சொல்வது நியாயமில்லை. 1991இல் வந்த ஓர் ஆய்வில் 47 பெண்களுக்கு வாயால் மட்டும் சொல்லிக்கொடுத்துச் செய்யச் சொன்னார்கள். சுமார் பாதிப் பேர்தான் சரியாகச் செய்தார்கள். கால்வாசிப் பேர் இறுக்குவதற்குப் பதிலாகக் கீழ்நோக்கி முக்கினார்கள். அது கசிவை அதிகப்படுத்தக்கூடிய செயல்.

சரியான முறை இதுதான். காற்றுப் பிரிவதை அடக்குவதுபோல ஆசனவாயை இறுக்கி, அதே இறுக்கத்தை முன்பக்கம் சிறுநீர்த் துவாரம் வரை கொண்டுவந்து, மேல்நோக்கி உள்ளே இழுக்க வேண்டும். தொடையும் பிட்டமும் வயிறும் சும்மா இருக்க வேண்டும். மூச்சு சாதாரணமாக ஓடட்டும். சில நொடி பிடித்து, அதே அளவு நேரம் முழுசாகத் தளர்த்த வேண்டும். தளர்த்துவதும் பயிற்சியில் பாதி. ஒரு வேளைக்குக் குறைந்தது 8 தடவை, ஒரு நாளைக்கு மூன்று வேளை, மூன்று மாதம். சிறுநீர் போகும்போது நிறுத்தி நிறுத்திப் பார்ப்பதை அன்றாடப் பயிற்சியாக வைத்துக்கொள்ள வேண்டாம், பை முழுசாகக் காலியாகாமல் போகலாம். முதல் தடவையாவது இதில் தேர்ந்த பிசியோதெரபிஸ்ட் ஒருவர் சரியான தசைதான் அசைகிறதா என்று பார்த்துச் சொல்வது நல்லது. மாத்திரையைப் பற்றி யோசிப்பதற்கு முன் செலவழிக்க வேண்டிய பணம் அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

அப்புறம் ஒரு சின்ன உத்தி. இருமல் வரப்போகிறது என்று தெரிந்ததும், குனிந்து எதையாவது தூக்குவதற்கு முன்னும், அந்தத் தசையை இறுக்கிவிடுவது. 1998இல் நடந்த ஓர் ஆய்வில், ஒரே வாரம் இதைப் பழகிய வயதான பெண்களுக்கே இருமும்போது கசியும் அளவு நன்றாகக் குறைந்தது. தசை வலுவாவதற்கு மாதங்கள் ஆகும். சரியான நேரத்தில் இறுக்கக் கற்பதற்கு அவ்வளவு நாள் வேண்டாம்.

இனி இரண்டாவது வகை. இங்கே தளம் உறுதியாகவே இருக்கலாம். பையின் சுவர்த் தசை, மூளை அனுமதிப்பதற்கு முன்பே சுருங்குகிறது. குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டால், வீட்டுக் கதவில் சாவியை நுழைத்தால் முட்டிக்கொண்டு வரும். பயந்துபோய்ப் பெண்கள் இரண்டு காரியம் செய்கிறார்கள். தண்ணீர் குடிப்பதைக் குறைக்கிறார்கள், எதற்கும் இருக்கட்டும் என்று அடிக்கடி போய்வருகிறார்கள். இரண்டும் புரிந்துகொள்ளக்கூடியவைதான், ஆனால் இரண்டுமே எதிராக வேலை செய்கின்றன. தண்ணீர் குறைந்தால் சிறுநீர் அடர்த்தியாகிப் பையை எரிச்சலூட்டும், மலச்சிக்கலும் சேரும். கொஞ்சம் சேர்ந்ததுமே காலி செய்துகொண்டே இருந்தால் கொஞ்சம் சேர்ந்தாலே கூப்பிடுவதற்குப் பை பழகிவிடும்.

இதற்கான பயிற்சி, போகும் இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டுவது. முக்கால் மணிக்கு ஒரு தடவை போகிறவர் முதலில் ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கட்டும், சில நாள் கழித்து இன்னும் ஒரு கால் மணி நேரம். குறைந்தது ஆறு வாரம் ஆகும். உந்துதல் வரும்போது ஓடக் கூடாது. நின்றோ உட்கார்ந்தோ இடுப்புத்தளத்தை ஐந்தாறு தடவை வேகமாக இறுக்கி விட வேண்டும். அந்தத் தசை சுருங்கினால் நரம்பு வழியாகப் பைக்கு 'அடங்கு' என்று செய்தி போகிறது. உந்துதல் உச்சிக்குப் போய்த் தணியும். தணிந்த பிறகு நடந்து போகலாம். காபி, டீயைக் குறைப்பதும் பலருக்கு உதவுகிறது.

போதாவிட்டால் மருந்து உண்டு. ஆக்ஸிபியூட்டினின், சொலிஃபெனாசின் போன்றவை, பையைச் சுருங்கச் சொல்லும் அசிட்டைல்கோலின் என்ற நரம்பு வேதிப்பொருளைத் தடுக்கின்றன. வாய் உலரும், மலம் இறுகும். வயதானவர்களுக்கு ஞாபகக் குழப்பம் வரலாம் என்பதால் யோசித்துத்தான் எழுத வேண்டும். மிராபெக்ரான் வேறு வழியில் பையைத் தளர்த்துகிறது, ஆனால் இரத்த அழுத்தத்தைக் கவனிக்க வேண்டும். இவற்றுக்கும் அடங்காதவர்களுக்குப் பையின் சுவரில், தசையைத் தளர்த்தும் போட்டாக்ஸ் ஊசி போடலாம், கீழ்முதுகு நரம்பைத் தூண்டும் சின்னக் கருவி பொருத்தலாம்.

இரண்டு வகையும் கலந்து இருப்பவர்களும் ஏராளம். எது அதிகம் தொல்லை தருகிறதோ அதிலிருந்து தொடங்குவார்கள். மாதவிடாய் நின்ற பிறகு அவசர உந்துதல் கூடினால் உள்ளே தடவும் ஈஸ்ட்ரோஜன் கிரீம் பலன் தரலாம். ஹார்மோனை மாத்திரையாக விழுங்கினால் கசிவு அதிகமாகலாம் என்று பெரிய ஆய்வுகள் காட்டியுள்ளன.

அறுவை சிகிச்சை பெரும்பாலும் முதல் வகைக்குத்தான். சுவீடனின் உல்ஃப் உல்ம்ஸ்டன் 1996இல், குழாய்க்கு அடியில் செயற்கை வலைநாடாவைத் தளர்வாக வைத்துத் தாங்கும் முறையைக் கொண்டுவந்தார். பல பெண்களுக்கு வாழ்க்கையே மாறியது. சிலருக்கோ வலை திசுவை அரித்து, தீராத வலியில் விட்டது. அவர்கள் வருடக்கணக்காகப் போராடிய பிறகு, 2018இல் பிரிட்டனில் அந்தச் சிகிச்சையே நிறுத்திவைக்கப்பட்டது. உடலில் இருந்தே எடுத்த திசுப்பட்டையால் தாங்குவது, பையின் கழுத்தைத் தையலிட்டு உயர்த்துவது என்று வலையில்லாத வழிகளும் இருக்கின்றன. கையெழுத்துப் போடுவதற்கு முன் எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொள்ளும் உரிமை நோயாளிக்கு உண்டு. வலையை முழுசாக எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்பதையும் கட்டாயம் கேளுங்கள்.

"பிள்ளை பெற்றவளுக்கு இதெல்லாம் சகஜம்" என்ற பேச்சு நிறையப் பேரை டாக்டரிடம் போகவிடாமல் தடுக்கிறது. சகஜம்தான், சகித்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை. போகும்போது மூன்று நாள் கணக்கு எழுதி எடுத்துப் போங்கள்: எத்தனை மணிக்கு என்ன குடித்தீர்கள், எத்தனை மணிக்கு எத்தனை மில்லி போனது, கசிந்தபோது என்ன செய்துகொண்டிருந்தீர்கள். அளவுக்குக் கோடு போட்ட ஒரு பழைய டம்ளர் போதும். சாப்பிடும் மாத்திரைகளையும் காட்டுங்கள், இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் சில மருந்துகளே கசிவைத் தூண்டும்.

சிறுநீரில் இரத்தம் வந்தாலோ, எரிச்சலும் காய்ச்சலும் இருந்தாலோ தள்ளிப்போடாதீர்கள். பிரசவத்துக்கோ கர்ப்பப்பை அறுவைக்கோ பிறகு இரவும் பகலும் ஓயாமல் ஒழுகினால் பைக்கும் பெண்ணுறுப்புக்கும் இடையே ஓட்டை விழுந்திருக்கலாம், அதைப் பயிற்சியால் சரிசெய்ய முடியாது, நிபுணர்தான் பார்க்க வேண்டும். கசிவோடு தொடையிடுக்கு மரத்துப்போய், கால் பலமிழந்தால் முதுகுத்தண்டு நரம்புகள் நசுங்கியிருக்கக்கூடும், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.